மூட மறந்த விண்டோ

அவன் டீயோடு அறை வாசலை எட்டியதும் உள்ளே மவுஸ் 'டிக்' என்றது.

இந்த வாரத்தில் இது நாலாவது தடவை.

மனைவி நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

வக்கீல் ஆபீசுக்கு வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுக்கிறவள். வக்கீல் நோட்டீசைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா?

"யாருக்கு எழுதிட்டிருந்தே?"

"ஆபீஸ் வேலைங்க. வேற யாருக்கு எழுதப்போறேன்?"

பதினோரு வருடக் கல்யாணத்தில் அவளுக்குத் தெரியாமல் அவனிடம் எதுவும் கிடையாது. அவளிடம் மட்டும் ஏதோ இருக்கிறது.

அவள் கணினியில் ஓடுவது அவனே எழுதிய டெஸ்க்டாப் மென்பொருள். பழைய கணினிகளுக்கென்று செய்த எளிய சரக்கு. ஒரு புரோகிராமுக்கு ஒரே விண்டோதான். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் எல்லாமே மூடிக்கொள்ளும்.

ஐந்து வருட ஓய்வு நேரத்தை அதில் கொட்டியிருக்கிறான். கூட வேலை செய்கிறவர்களும் சொந்தத் தம்பியும் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டே நாளில் தூக்கி எறிந்தார்கள்.

மனைவியைத் தவிர அதைப் பயன்படுத்துகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். 'பழைய கணினிக்காரர்' என்ற பெயரில் மெயில் போடுவார். முகம் தெரியாத மனிதர். போதுமடா சாமி என்று இவன் உட்காரும்போதெல்லாம் அவரிடமிருந்து நாலு நல்ல வார்த்தை வந்துவிடும்.

போன மாதம் ஒன்று கேட்டிருந்தார். உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் எழுத ஆசை, ஒரே புரோகிராமில் இரண்டு விண்டோ திறக்க வழி செய்வீர்களா?

மண்டையை உடைத்துக்கொண்டு செய்து முடித்தான். இன்று காலையில்தான் அவருக்கு அனுப்பினான். கையோடு மனைவியின் கணினியிலும் ஏற்றினான்.

பெருக்கல் குறி இனிமேல் முன்னால் இருப்பதை மட்டும்தான் மூடும் என்று இருவருக்குமே சொல்ல மறந்துவிட்டான்.

டீயை மேசையில் வைக்கக் குனிந்தபோதுதான் அவள் தோளுக்குப் பின்னால் திரையைப் பார்த்தான். அங்கே ஒரு கடிதம் திறந்தபடியே இருந்தது.

'நீங்கள் ஒருவர் இல்லையென்றால் நான் எப்போதோ எல்லாவற்றையும் விட்டிருப்பேன். இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.'

ரத்தம் தலைக்கு ஏறியது. எவன் அவன், இவள் வாழ்க்கைக்குள் வந்து இப்படி உருகுகிறவன்?

அடுத்த வரியையும் படித்தான்.

'நீங்கள் கேட்ட இரண்டு விண்டோ வசதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், ஐயா.'

டீ சிந்திவிட்டது. காலையில் தான் எழுதிய வரியே பொறாமையில் அவனுக்கு அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

ஆக, உலகத்திலேயே மொத்தம் ஒரே ஆள்தான்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் மீறி, சின்னப் பிள்ளை மாதிரி அழவேண்டும் போல இருந்தது. திரையைப் பார்க்காதவன் போலத் துணியை எடுத்து மேசையைத் துடைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனான்.

உட்கார்ந்ததும் ஒரு மெயில் எழுதினான்.

'பழைய கணினிக்காரர் ஐயாவுக்கு வணக்கம். காலையில் அனுப்பியதில் ஒரு குறை. பெருக்கல் குறியை அழுத்தினால் முன்னால் இருக்கும் விண்டோ மட்டும் மூடுகிறது, பின்னால் இருப்பது அப்படியே நிற்கிறது. தயவுசெய்து அதையும் மூடிவிடுங்கள். கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.'

அனுப்பிவிட்டுக் காத்திருந்தான்.

பக்கத்து அறையில் நாற்காலி திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு 'டிக்' என்றது.