பத்தொன்பதாம் அத்தியாயத்து ஆயா

குழந்தை வீல் வீலென்று கத்தியது. பெற்றவள் நாலடி தூரத்தில் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கினால்தானே!

"பேச்சி! பிள்ளை அழுகிறது கேக்கேல்லையே? ஒரு வரி எழுத விடுறியே நீ?"

ஆயா பேச்சியம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டதும் அது கப்சிப்பென்று அடங்கியது.

சரோஜினியம்மா சும்மா கிறுக்குகிறவள் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரி; ஜொகூர் பாருவில் அரசாங்க ஆபீஸ் கிளார்க் சோமசேகரத்தின் மனைவி. சிங்கப்பூர் வாரப் பத்திரிகை ஒன்றில் அவள் எழுதும் மாயாஜாலத் தொடர்கதைக்கு மலாயா முழுக்க வாசகர்கள். 'தாய்க்குலத்தின் திலகமே' என்றுதான் கடிதமே ஆரம்பிப்பார்கள்.

பேச்சியம்மாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆளைக் குறைத்தபோது, பத்து மாதப் பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு பெக்கான் நானாஸிலிருந்து வேலைக்கு வந்தவள். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பஸ் ஓட்டுகிற அய்யாவு வந்து சொல்லி நாலு நாளாகிறது. சோறு இறங்கவில்லை அவளுக்கு.

"அம்மா, ரெண்டே நாள் லீவு குடுத்தீங்கன்னா, புள்ளைய ஒரு எட்டுப் பார்த்துட்டு ஓடியாந்துடுவேன்." நாலாவது தடவையாகக் கேட்டாள்.

"பொறடி. பத்தொன்பதாம் அத்தியாயம் இண்டைக்குத் தபாலிலை போகவேணும். இதிலை இருந்து கேள்."

வாசித்தாள். மகாராணி சிம்மாசனத்தை விட்டு எழுந்தால் நாடே கல்லாகிவிடும் என்று மந்திரவாதியின் சாபம். அந்தப்புரத்தில் ஆயா எவ்வளவு ஆட்டியும் தொட்டிலில் இளவரசன் அழுகையை நிறுத்தவில்லை. மகாராணி எழுந்தேவிட்டாள். 'நாடு கல்லாகட்டும்! பெற்ற பிள்ளையைவிடப் பெரிய கடமை தாய்க்கு ஏது?'

வாசித்து முடித்த சரோஜினியம்மா தன் எழுத்தில் தானே உருகிப்போனாள்.

"எப்பிடியடி இருக்கு?"

பேச்சியம்மாள் தோளில் தூங்கிய குழந்தையைத் தட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

"நல்லாத்தாம்மா இருக்கு. அந்த ஆயாவுக்குப் புள்ளகுட்டி இல்லீங்களா?"

"இருக்கும். அதுக்கென்ன?"

"அது அழுதா யாரும்மா எந்திரிச்சுப் போவாங்க?"

சரோஜினியம்மா கையிலிருந்த தாளை மேசையில் வைத்தாள். கண் கலங்கியிருந்ததைப் பேச்சியம்மாளே பார்த்தாள்.

"நீ கேட்டது நியாயமடி. இவ்வளவு நாளும் எனக்கு இது தோன்றேல்லையே! இப்பவே சரிப்பண்ணவேணும்."

பேச்சியம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். பின்கட்டுக்கு ஓடி இரண்டு சேலையையும், பிள்ளைக்கென்று வாங்கி வைத்திருந்த கிலுகிலுப்பையையும் மூட்டை கட்டினாள். மத்தியான பஸ்ஸைப் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளலாம். இந்தப் புண்ணியவதியையா நாலு நாளாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

மூட்டையோடு கூடத்துக்கு வந்து நின்றாள். சரோஜினியம்மா முகமெல்லாம் மலர்ச்சியாக நிமிர்ந்தாள்.

"நல்ல காலம், நீ கேட்டாயடி பேச்சி! அந்த ஆயாவைக் கதையிலையிருந்தே எடுத்துப்போட்டன். இனித் தொட்டில் ஆட்டுறது ஒரு மாயக்கிளி. கிளிக்குப் பிள்ளை இருக்கோ எண்டு ஆர் கேக்கப்போகினம்? அது சரி, அதென்ன கையிலை மூட்டை?"