கழுவி வைத்த சிலிண்டர்கள்

“சார், ஏத்துறதுக்கு முன்னாடி சிலிண்டரை ஒவ்வொண்ணா தராசுல வைக்கச் சொல்லுங்க.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று செம்மொழிக்குப் படித்துப் படித்துச் சொல்லப்பட்டிருந்தது. கேட்டுவிட்டாள். அதுவும் லாரி வாசலில் நிற்க, சுமை ஏற்றும் ஆட்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி.

முதலாளி செந்தில்குமாருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார்.

“வைப்பா வீரையா. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சொல்லுதுல்ல.”

பாபநாசம் ரோட்டில் முன்பு நெல் மூட்டை அடுக்கிய கிடங்கு அது. இப்போது கேஸ் சிலிண்டர் அடுக்கியிருந்தது.

வளைகுடா போனவர்கள் அந்தக் காலத்தில் ஆசையாகக் கொண்டுவந்த ஃப்ரிட்ஜ்கள் மயிலாடுதுறை வரைக்கும் வீட்டுக்கு வீடு செத்துக் கிடந்தன. அவற்றின் வயிற்றில் இருக்கும் கேஸ் வெளியே போனால் ஓசோனை அரிக்கும், பூமியையும் சூடாக்கும். அதை உறிஞ்சிச் சிலிண்டரில் பிடித்து, வடக்கே ஒரு உலைக்கு அனுப்பி எரித்துவிட்டால், அத்தனை கரியைக் காற்றில் விடாமல் காப்பாற்றியதாகக் கணக்கு. அந்தக் கணக்குக்குப் பெயர் கிரெடிட். வெளிநாட்டுக் கம்பெனிகள் அதை விலைக்கு வாங்கும். வாங்கிவிட்டு, அதே அளவு புகையைத் தைரியமாக விடும்.

உள்ளே இருப்பது சரியான கேஸ்தான், சரியான அளவுதான் என்று கையெழுத்துப் போடுவது செம்மொழியின் வேலை. அவள் போட்டால்தான் லாரி நகரும்.

வீரையன் ஒரு சிலிண்டரைத் தண்ணீர்க் குடம் மாதிரி ஒற்றைக் கையில் தூக்கி வந்து வைத்தான்.

தராசு காட்டியது இரும்பின் எடையை மட்டும்.

அடுத்தது. அதுவும் இரும்பு. அதற்கடுத்தது. இரும்புதான்.

செந்தில்குமார் தராசை இரண்டு தட்டு தட்டினார். “ரிப்பேரா இது?”

“இல்லீங்களே. காலையில புண்ணாக்கு மூட்டை நிறுத்தோம், சரியா இருந்துச்சு,” என்றான் வீரையன்.

காபி கொண்டுவந்த விஜயலட்சுமிதான் விஷயத்தைச் சொன்னாள். முதலாளியின் மனைவி. கிடங்கில் ஆயுத பூஜை அவள் பொறுப்பு.

“காலியாத்தாங்க இருக்கும். பூஜைக்கு எல்லாத்தையும் வெளியில எடுத்துக் கழுவணும்ல? பொணம் கனம் கனத்துச்சு. நீங்கதானே எப்படியும் அழிக்கப் போறதுன்னு சொல்லிட்டே இருப்பீங்க. அதான் நாங்களே திறந்துவிட்டு அழிச்சிட்டோம்.”

ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒவ்வொரு சிலிண்டரின் நெற்றியிலும் சந்தனம் காய்ந்திருந்தது. குங்குமம் அழியாமல் இருந்தது.

“ஐஸ் மாதிரி ஜில்லுனு வந்துச்சுங்க,” என்றான் வீரையன். “பக்கத்துலயே மோர்ப் பானையை வச்சுட்டோம். நீங்ககூட ரெண்டு டம்ளர் குடிச்சீங்க.”

“ஓசோன்ல ஓட்டைன்னா இப்ப நம்ம பாபநாசத்துக்கு நேர் மேலதான் இருக்கும்,” என்று லாரிப் பக்கமிருந்து ஒரு குரல். யாரோ செருமினார்கள். யாரோ சிரித்தேவிட்டார்கள்.

செந்தில்குமார் செம்மொழியை ஓரமாக அழைத்துப் போனார். நெற்றியெல்லாம் வேர்வை.

“கும்பகோணத்துல ஏசிக்குப் போடுற புது கேஸ் கிடைக்கும்மா. அதுவும் ஓசோனை அரிக்கிற ஜாதிதானே. வாங்கி நிரப்பிடுறேன்.”

கம்பெனியில் புதிதாகத் தயாரித்த கேஸை விலை கொடுத்து வாங்கி, அதைக் கொண்டுபோய் எரித்து, பூமியைக் காப்பாற்றிய பெயரை எடுப்பது. செம்மொழிக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. சிலிண்டருக்குள் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்றாவது இந்த மனிதர் நினைக்கிறார்.

“நீ கையெழுத்தை மட்டும் போட்டுடு. அடுத்த மாசமே உன்னை பெர்மனன்ட் பண்றேன். நடவுக்குப் போற உங்கம்மாவை நீ வீட்டுல உட்கார வைக்கலாம்.”

உண்மைதான். அவளுடைய அம்மா ராஜாத்தி அந்த நேரம்கூட யாரோ ஒருவருடைய வயலில் குனிந்து சம்பா நட்டுக்கொண்டிருந்தாள். மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்று அந்த வீட்டுக்குள் நுழைந்தது செம்மொழியால்தான். இந்த வேலை போனால் அதுவும் போகும்.

“ஆனா, சென்னையிலேருந்து வர்ற ஆடிட்டர் காதுக்கு மட்டும் இது போயிடக் கூடாதும்மா. கிரெடிட்டுக்கு முத்திரை குத்துறவரே அவருதான். தெரிஞ்சுதுன்னா கம்பெனிக்குப் பூட்டுதான்.”

“அவருக்கு நேத்தே தெரியும் சார்.”

நேற்று கிடங்கில் நடக்கும்போது அவள் கால் இடித்து ஒரு சிலிண்டர் உருண்டது. நிறைந்த சிலிண்டர் அப்படி உருளாது. நியாயம் கிடைக்கும் என்று நம்பி முதல் போன் ஆடிட்டருக்குத்தான் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்கு எதற்கு, முன்னால் எழுதிய எடையே போதும். ஏற்றும் நாளில் மறுபடி நிறுக்கச் சொல்லி மட்டும் கேட்டுவிடாதே. சென்னை ஆபீசுக்கு உன்னை மாதிரி ஒரு பெண்ணைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதை அப்படியே செந்தில்குமாரிடம் ஒப்பித்தாள்.

அவர் நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்தார். பிறகு மெதுவாக அவர் முகம் தெளிந்தது.

“அப்போ… புது கேஸ்கூட வாங்க வேணாமா?”

செம்மொழி பையைத் தோளில் மாட்டினாள். வாசலில் லாரிக்காரர்கள் மோர்க் கதையை இன்னொரு முறை சொல்லச் சொல்லி வீரையனை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி நடந்தாள். யாரும் வழி மறிக்கவில்லை.

சென்னைக்குச் சொல்ல வேண்டிய பதிலை அவள் தராசில் வைக்கச் சொன்னபோதே, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.