பின்சக்கரத்துச் சத்தம்

ஆக்சிலை உருவி வெளியே எடுத்த முத்து முகம்மது, எண்ணெய்க் கையோடு தலையில் கை வைத்துக்கொண்டார்.

பேரிங் குண்டெல்லாம் அம்மைத் தழும்பு. ஆயில் சீல் காய்ந்து அப்பளமாக நொறுங்கியது. அது தடுத்திருக்க வேண்டிய எண்ணெய் வழிந்துபோய் பிரேக்கை நனைத்திருந்தது. இன்னும் பத்து வளைவு ஓடியிருந்தால் சக்கரம் ஆக்சிலோடு கழன்று, காருக்கு முன்னாலேயே மலை இறங்கியிருக்கும்.

பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் சேனாதிபதியின் கார் அது. யுத்தத்துக்கு முந்தின வண்டி. சீமைக்குத் திரும்பிய துரையிடம் வாங்கியது. ஒரு வருஷமாகவே மூன்று வளைவுக்கு அப்பாலிருந்து பசித்த கரடி மாதிரி உறுமிக்கொண்டுதான் வரும்.

மதுரையிலிருந்து புது பேரிங்கும் சீலும் கொடைக்கானல் வந்து சேர மூன்று நாள். அந்த மூன்று நாளும் பட்டறைக்கு ஆள் மாற்றி ஆள் வந்தார்கள்.

முதலில் தோட்டத்துக் கங்காணி பொன்னுவேல், ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு. சத்தம் அடியோடு போய்விடும் என்று கேட்டதும் முகம் சுண்டிவிட்டது. கொஞ்சம் விட்டு வையுங்க பாய், மொதலாளி வாறார்னா ஒரு கம்பீரம் வேணாமா என்றார்.

அடுத்து, தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் குருநாதன். ஓசைக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள சம்பந்தம் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். நடுவில் அவரே இரண்டு கொட்டாவி விட்டார்.

சமையல்கார வடிவு மட்டும் சுற்றி வளைக்கவில்லை. சத்தம் கேட்டால்தான் நான் உலையில் அரிசி போடுவேன், திடுதிப்பென்று வந்து நின்றால் சோத்துக்கு எங்கே போக என்றாள். மொதலாளியம்மா சுந்தராம்பாளுக்கும் இதே யோசனைதானா என்று கேட்டார் முத்து முகம்மது. அவங்க எதைச் சொல்லப் போறாங்க, கல்யாணப் போட்டோவுக்கு வைத்த முகத்தை இன்னும் இறக்கவில்லையே என்றவள், ஏனோ அவசரமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

முத்து முகம்மது யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. அவர் கை பட்ட வண்டி இருபது வருஷமாகக் கத்தினதில்லை. இது கத்திக்கொண்டு போனால் நாளைக்கு பஜாரில் எவன் மதிப்பான்?

நாலாம் நாள் சேனாதிபதியே வந்தார்.

புது பேரிங்கை வாங்கி விரலில் சுழற்றிப் பார்த்தார். அது சத்தமே இல்லாமல் சுற்றியது. அவருக்கு அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

வண்டி தயாராகட்டும் என்று கொடைக்கானலிலேயே தங்கியிருந்தவர், பொழுது போகாமல் நேற்று பஸ்ஸில் போய் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தாராம். சத்தமில்லாமல் போனதால் ஒரு ஆளுக்கும் தெரியவில்லை. முற்றத்தில் அவருடைய பிரம்பு நாற்காலியில் கங்காணி உட்கார்ந்திருந்தானாம். காலை ஆட்டிக்கொண்டு, மூக்கால் பேசிக்கொண்டு, அச்சு அசலாக அவரைப் போலவே வாத்தியாரை வைதுகொண்டிருந்தானாம். வீட்டாள் வெளியாள் பாக்கியில்லாமல் கூடி நின்று சிரித்ததாம். இவர் காப்பிச் செடி மறைவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முகத்தைக் காட்டாமலே திரும்பிவிட்டாராம்.

ஒழிந்தான் பொன்னுவேல் என்றுதான் முத்து முகம்மது நினைத்தார்.

"பேரிங்கை மாத்துங்க பாய், சீலையும் மாத்துங்க. சத்தம் மட்டும் இருக்கட்டும்."

ஹாரன் அடித்துக்கொண்டு போனால் ஆயிற்றே என்றார் முத்து முகம்மது. ஹாரன் அடித்தால், விஷயம் தெரிந்துதான் அடிக்கிறேன் என்று அவங்களுக்குத் தெரிந்துபோகுமே என்றார் சேனாதிபதி.

இரண்டு பக்கமும் புது பேரிங் உட்கார்ந்தது. புது சீல் ஏறியது. பிரேக்குக்குப் புது லைனிங். எல்லாம் முடிந்த பிறகு, முத்து முகம்மது பழைய பேரிங்கை உடைத்து, ஏழெட்டுக் குண்டுகளைச் சக்கர மூடிக்குள் போட்டு அறைந்து மூடினார். தொழிலில் அப்படியொரு பாவம் அதுவரை அவர் செய்ததில்லை.

ஓட்டம் பார்க்கக் கூடவே ஏறிக்கொண்டார். வண்டி முன்போல் உறுமவில்லை, கடகடத்தது. ராகம் பிசகினாலும் தூரத்துக்குக் கேட்டது. பஜாரைத் தாண்டும்வரை அவர் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

தோட்டத்துக்கு மூன்று வளைவு இருக்கும்போது சேனாதிபதி வண்டியை ஓரங்கட்டினார். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. கீழே வீட்டு முற்றத்தில் ஆட்கள் நாலாபக்கமும் ஓடுவது தெரிந்தது. ஒருவன் பிரம்பு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அதான் காதில் விழுந்துவிட்டதே, இன்னும் எதற்கு நிற்கிறோம் என்று கேட்டார் முத்து முகம்மது.

"கொஞ்சம் பொறுங்க பாய். சுந்தராம்பா சிரிக்க ஆரம்பிச்சா வெரசா நிறுத்த மாட்டா. நேத்துத்தான் எனக்கே தெரிஞ்சது."