கைப்பட்டையில் ஒரு பெயர்

மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண் அட்டையைப் பார்த்தாள். "மனைவி பேரு கோமளவல்லின்னு இருக்கு. நீங்கதானேம்மா?"

கோமளவல்லி இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாம் மனைவி மரகதம், வலிக்கும் வயிற்றைப் பிடித்தபடி கணவர் சிவநேசனைப் பார்த்தாள். ஆண்டுதோறும் காப்பீட்டைப் புதுப்பித்தவர் அந்தப் பெயரை எடுக்கவுமில்லை, இவள் பெயரைச் சேர்க்கவுமில்லை.

"ஆமான்னு சொல்லிடு. இல்லன்னா ஆபரேஷன் நடக்காது" என்று காதருகே முணுமுணுத்தார்.

"நான்தான்" என்று மரகதம் கையை நீட்டினாள். மணிக்கட்டில் மாட்டிய பட்டையில் அந்தப் பெயர் இருந்தது. வயிற்றைவிட அந்த இடம் எரிந்தது.

இதுவரை அவளை "இந்தா" என்றே அழைத்தவர், அந்தப் பெண் நம்பட்டும் என்று, "பயப்படாம போ, கோமளா" என்றார். அப்படியொரு கனிவை அவர் குரலில் மரகதம் கேட்டதேயில்லை.

சக்கர நாற்காலியில் அவளைத் தள்ளிச் சென்ற ஊழியரை நிறுத்தச் சொல்லிவிட்டு, கணவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க."