விதைப்பு நாளின் ஒண்ணாம் வகுப்பு

இரவு பெய்த மழை வேதக்கோயில் கூரையிலிருந்து இன்னும் சொட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெபம்; வாரநாட்களில் அதுதான் பள்ளிக்கூடம். இன்று இன்ஸ்பெக்டர் வருகிறார். பிள்ளைகள் இல்லையென்றால் பள்ளியை மூடிவிடுவார்கள். பிள்ளைகளோ விதைப்புக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய ராக்கம்மாளையும் அழைத்துப்போக அவள் தாய் குருவம்மாள், இடுப்பில் குழந்தையும் கையில் கம்பு விதையுமாக வாசலில் நிற்கிறாள். "நாளைக்குக் கூட்டிட்டுப் போயேன்," என்கிறாள் ரோஸி டீச்சர். குரலில் வலுவில்லை. "நாளைக்கு ஈரம் இருக்குமா டீச்சரம்மா? அவுக சண்டைக்குப் போயி பர்மாவுல கெடக்காக. ஏருக்குப் பின்னால நான் ஒருத்தியா எம்புட்டுத் தூவ?" ஜெபதுரை வாத்தியார் மனைவியைப் பார்க்கிறார். "அனுப்பிரு ரோஸி."

ராக்கம்மாள் ஓடுகிறாள். குருவம்மாள் தயங்கி நின்று, இடுப்புக் குழந்தையை இறக்கி, எழுதப் பரப்பிய மணலின் முன் உட்காரவைக்கிறாள். "இவன் வெதைக்க ஆகமாட்டான். வச்சுக்கங்க." "இவனுக்கு இன்னும் பேச்சே வரலையே." "இன்ஸ்பெக்டர எதுத்துப் பேசமாட்டான்ல." அதைப் பார்த்து, விதைப்புக் காட்டுக்குப் போகிற மற்ற பெண்களும் இடுப்புப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகிறார்கள். ஒன்று அழுகிறது, ஒன்று மணலைத் தின்கிறது. திருச்சுழிப் பாதையில் வண்டிமாட்டுச் சலங்கை கேட்கிறது. இவர்கள் படிக்கிறார்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டால் பொய் சொல்லக்கூடாதென்று, ரோஸி குருவம்மாளின் மகனை மடியில் இழுத்துவைத்து, விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுதவைக்கிறாள். பாதி எழுத்திலேயே அவன் தூங்கிவிடுகிறான். விரலை விடாமல் மீதியையும் எழுதி முடிக்கிறாள்.