மொத்தமே ஆயிரந்தான்

மத்தியான வெக்கை கரிசல் காட்டிலிருந்து வீட்டுக்குள் ஏறி வருகிறது. உமாதேவியின் மடியில் சூட்கேஸ். நாளைக்குத் தூத்துக்குடியில் அவள் வேலையில் சேரக் கூடாதென்று, அவளுடைய சர்ட்டிபிகேட்டுகளை அதற்குள் வைத்து, மூன்று எண் பூட்டைக் கலைத்துவிட்டிருக்கிறான் அண்ணன் சுடலைராஜ். தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிக் காய்த்த பெருவிரல் ஒவ்வோர் எண்ணாக நகர்த்துகிறது. "நானூத்திப் பன்னெண்டு." பொத்தானைத் தள்ளுகிறாள், திறக்கவில்லை. டிக். "நானூத்திப் பதிமூணு." வாசலில் நிற்கும் சுடலைராஜ் சிரிக்கிறான். "ஏட்டி, நம்பர் எனக்குல்லா தெரியும்?" அவள் நிமிரவில்லை. "தெரியாட்டி என்னண்ணே? மொத்தமே ஆயிரந்தான். ஒருநாளைக்கு அதுக்கு மேல லேபிள் ஒட்டுதேன்." டிக். "நானூத்திப் பதினாலு." அவன் சிரிப்பு வற்றுகிறது. டிக். "நானூத்திப் பதினஞ்சு." "போதும், நிறுத்துட்டி!" என்று கத்துகிறான். அவள் இப்போதுதான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கிறாள். "அப்போ பக்கத்துல வந்துட்டேன்." டிக்.