ஸ்பானரை நீக்குங்கள்

மாமனாரின் செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, தன் போனில் பழைய பைக் பிரியர்கள் குழுவின் அட்மினை அழைத்தாள் மருமகள்.

“சார், உங்க குரூப்ல ‘ஸ்பானர்’னு ஒருத்தர் இருக்காரே, அவரை உடனே தூக்குங்க. எஞ்சின் ஆயில் சண்டையில எங்க மாமாவை தினமும் வாய்க்கு வந்தபடி திட்டுறார். இப்பக்கூட ‘அரைவேக்காடு மெக்கானிக்’னு போட்டிருக்கார்.”

“உங்க மாமா மட்டும் சும்மாவாம்மா இருக்கார்?”

“அவர் ஹார்ட் பேஷன்ட் சார்! போன மாசம் நாங்க ஆபீஸ்ல இருந்தப்ப மயங்கி விழுந்துட்டார். யார் கூப்பிட்டாங்கன்னே தெரியல, நல்லவேளை ஆம்புலன்ஸ் வந்துச்சு.”

“அதை அனுப்பினது ஸ்பானர்தாம்மா.”

“யாரு, அந்த ஸ்பானரா?”

“‘நான் திட்டி பத்து நிமிஷமாச்சு, அந்த ஆள் பதிலுக்குத் திட்டலை. சும்மா விடுற ஆளே இல்லையே’ன்னு பதறிப்போய் என்கிட்ட விலாசம் வாங்கினார். யார்கிட்டயும் சொல்லாதேன்னார்.”

கையிலிருந்த மாமனாரின் போனில் புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது: ‘என்னய்யா, சத்தத்தையே காணோம்?’

உள்ளறைக்கு ஓடினாள்.

“மாமா, இந்தாங்க போன். சீக்கிரம் அவரைத் திட்டுங்க, ஆம்புலன்ஸ் வந்துடப்போகுது!”